காட்டர் பின்னும் கலாசாலையும்

நியூட்டன் பெருமகனாரின் இயக்க விதிகள் மூன்றனையும் ஒரே மூச்சில் ஒப்புவிக்க வல்ல மாணவர் நம் கலாசாலையிற் பலர் உளர். நெம்புகோலின் வகைகளை வரைந்து, பாகங்குறித்து, முழு மதிப்பெண் பெறுவோரும் உளர். ஆயின் அவர்களுள் ஒருவரை வாயிலில் நிறுத்தி, ‘தம்பி, நீ ஏறிவந்த சைக்கிளின் பெடலைத் தாங்கி நிற்கும் இரும்புக் கைக்குப் பெயர் யாது? அஃது அச்சோடு எதனாற் பிணைக்கப்பட்டிருக்கிறது?’ என்று வினவிப் பாருங்கள். பெரும்பாலார் விழிப்பர், சிலர் நகைப்பர். ‘அதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியும் ஐயா’ என்பது பொதுவான விடை. இவ்விடையைப் பற்றியே யாம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். இதனைச் சொல்லும் தகுதி எமக்கு வந்தது கல்வியினால் அன்று. அவமானத்தினால் என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறோம்.

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில், விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்குச் சைக்கிளிலேயே சென்றுவிடுவது என்று புறப்பட்டோம். வழி நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றே உள்ளடங்கியது. சாலையோ மேடு பள்ளம் அதிகமில்லாதது. ஆதலின் வெயில் ஏறுமுன் போய்ச் சேரலாம் என்பது எம் கணக்கு. முண்டியம்பாக்கம் தாண்டும்போதே இடக்காலின் கீழ் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டக்’ என்றோர் ஓசை எழுந்தது. சுவர்க்கடிகாரம் எம்முடன் பயணம் செய்வதுபோல இருந்ததேயன்றி, அதில் யாம் வேறு பொருள் காணவில்லை. விக்கிரவாண்டிக்கு அருகில், ஓசையோடு ஆட்டமும் சேர்ந்துகொண்டபடியால், சாலையோரத்தில் இருந்த ஒருவரிடம் வண்டியைக் காட்டினோம். அவர் நட்டை இறுக்கினார், ஆட்டம் நிற்கவில்லை. பிஸ்கட் டப்பாவின் தகரத்தில் ஒரு துண்டு வெட்டி, இடுக்கிற் செருகி, மேலே நாலு அடி அடித்தார். ‘ஒண்ணும் ஆகாதுங்க, தைரியமாப் போங்க’ என்றார். யாமும் தைரியமாகப் போனோம்.

மயிலத்திற்கு வழி பிரியும் கூட்டேரிப்பட்டைக் கடந்த சிறிது நேரத்தில், அந்த இரும்புக் கை பெடலோடு எம் காலிலிருந்து விடைபெற்றுச் சாலையில் விழுந்தது. அதனை எடுத்துக் கையிற் பிடித்துக்கொண்டு, எஞ்சிய தூரம் முழுவதும் வண்டியைத் தள்ளிச் சென்றோம். பக்கத்தில் விரைந்த பேருந்துகளின் சன்னல்களிலிருந்து எம் மாணவர் எவரும் பார்க்கவில்லை என்றே இன்றளவும் நம்பியிருக்கிறோம்.

திண்டிவனத்தில் வேப்பமரத்தடியிற் கடை வைத்திருந்த முதியவர் ஒருவர் வண்டியைச் சாய்த்து, விழுந்த கையின் துளையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தார். வட்டமாய் இருக்கவேண்டிய துளை முட்டை வடிவாய் நீண்டிருந்தது. அச்சின் தட்டைப் பக்கமும் தேய்ந்து வளைந்திருந்தது. ‘மொதல் சத்தம் கேட்டப்பவே பின் மாத்தியிருந்தா டீச்செலவோட போயிருக்கும் சார். இப்போ கிராங்கும் போச்சு, அச்சும் போச்சு’ என்றார். அவர் எம்மை வையவில்லை. வைதிருந்தால் இவ்வளவு மனத்திற் பதிந்திராது.

நிற்க. பொறியின் அமைப்பைச் சிறிது விளக்குவோம். சைக்கிளின் சட்டத் தண்டுகள் கூடும் அடிப்புறத்தில் ஒரு குழல் உண்டு. அதனுள் இரு புறமும் பால்ரஸ் குண்டுகளின்மேல் ஓர் அச்சு சுழல்கிறது. கடைக்காரர் இதனைப் பி.பி. அச்சு என்பர். அச்சின் இரு நுனிகளிலும் கிராங்கு எனப்படும் இரும்புக் கைகள் கோக்கப்பட்டிருக்கின்றன; வலக் கிராங்கோடு பல்சக்கரம் சேர்ந்திருக்கும். உருண்டையான அச்சின்மேல் உருண்டையான துளை வழுக்கிச் சுழலாமல் தடுப்பது யாது? அதுவே காட்டர் பின் என்னும் சிற்றாணி. அச்சின் நுனியில் ஒரு பக்கம் தட்டையாக வெட்டியிருப்பர். கிராங்கிற் குறுக்கே துளைத்த வழியாக இவ்வாணி நுழையும். ஆணியின் ஒரு முகமும் சரிவாக அராவப்பட்டிருக்கும். அச்சரிவு அச்சின் தட்டையில் ஆப்புப்போல் இறுகி உட்கார்ந்தவுடன், அச்சும் கிராங்கும் ஒரே உடலாகிவிடுகின்றன.

இவ்வாணியின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதை நம் பௌதிக வகுப்பு மாணவர் கணக்கிடலாம். கிராங்கின் நீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். அச்சின் நடுப்புள்ளியிலிருந்து ஆணி பற்றும் இடமோ ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. எனவே பெடலில் ஊன்றும் கால் எவ்வளவு அழுத்துகிறதோ அதனினும் ஏறத்தாழ இருபது மடங்கு வலிமை ஆணியின் முகத்தில் விழுகிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் மேட்டில் எழுந்து நின்று மிதித்தால், விரலினும் சிறிய அவ்வாணி ஆயிரம் கிலோவிற்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்க நேரிடுகிறது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது தேருக்கு மட்டும் அன்று.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதனை அறியாமையாலேயே பல வண்டிகள் பாழாகின்றன. ஆணியின் நுனியிலுள்ள நட்டு ஆணியை இழுத்து இறுக்குவதற்காக ஏற்பட்டதன்று. இறுக்குவது சுத்தியின் அடி. இறுகிய ஆணி பின்வாங்காமற் காப்பது மாத்திரமே நட்டின் தொழில். இதனை மாற்றி எண்ணி, ஆட்டம் கண்டவுடன் ஸ்பானரை எடுத்து நட்டைத் திருகுவோர் மென்மையான அவ்விரும்பின் புரியைச் சிதைத்து, ‘மரை கழன்று போயிற்று’ என்று கைவிரிக்கின்றனர். தகரத் துண்டு செருகுவது இன்னும் கேடானது. தகரம் சில கிலோமீட்டரில் நசுங்கிவிடும். அதற்குள் நோய் தீர்ந்தது என்ற எண்ணத்தில் நாம் மிதித்துக்கொண்டே இருப்போம். தளர்ந்த கிராங்கோ ஒவ்வொரு மிதிக்கும் அச்சை அராவிக்கொண்டே வரும். விக்கிரவாண்டியில் எமக்கு உதவியவரை யாம் குறை கூறவில்லை. காசு குறைவாக, நேரம் குறைவாக, வண்டியை ஓடச் செய்யுங்கள் என்று கேட்போர்க்கு அவர் வேறென்ன செய்வார்? முதல் ஓசையைக் கேட்டும் கேளாதார்போல் மிதித்தவர் யாமன்றோ?

இனி, செய்யத்தக்கது யாது என்பதைத் திண்டிவனத்து முதியவரிடம் கண்டவாறே எழுதுகிறோம். முதலில் நோயின் இடம் அறிதல் வேண்டும். இரு கிராங்குகளையும் தரைமட்டமாக நிறுத்தி, இரு பெடல்களையும் ஒருங்கே அழுத்த வேண்டும். பின்பு அரைச் சுற்றுச் சுற்றி மீண்டும் அழுத்த வேண்டும். ஒரு கிராங்கு மட்டும் அச்சின்மேல் நழுவி அசைந்தால் குற்றம் அதன் காட்டர் பின்னில். ஒரு கிராங்கைப் பக்கவாட்டில் அசைக்க, இரண்டும் சேர்ந்தே அசைந்தால் குற்றம் ஆணியில் இல்லை. குழலினுள் இருக்கும் பி.பி. கப்பிலும் குண்டுகளிலும் உள்ளது. பெடல் மட்டும் ஆடினாற் பெடலைப் பார்க்க வேண்டும். இவ்வளவு தெரிந்திருந்தாலே, வேண்டாத உறுப்புகளை மாற்றச் சொல்லுவோரிடமிருந்து தப்பலாம்.

பழைய ஆணியைக் கழற்றுவதிலேயே முதியவரின் திறமை முழுவதும் வெளிப்பட்டது. நட்டைக் கழற்றியவுடன் அவர் அடிக்கத் தொடங்கவில்லை. ஓர் இரும்புக் குழாய்த்துண்டை எடுத்து, ஆணியின் தலை அதன் வாய்க்குள் இறங்குமாறு, கிராங்கின் கீழே தரையிலிருந்து முட்டுக்கொடுத்தார். ‘இது இல்லாம அடிச்சா அடி அத்தனையும் உள்ள இருக்கிற பால்ரஸுக்குத்தான் போகும்’ என்றார். முட்டின்றி அடித்தால் குண்டுகள் கிண்ணத்திற் பள்ளம் விழச்செய்யும். கிராங்கைச் செப்பனிடப் போய் அச்சின் ஓட்டத்தைக் கெடுத்தவர் ஆவோம். பின்பு, மெல்ல மெல்லப் பல அடிகள் தட்டாமல், நிதானித்து, வலுவாக ஒரே அடி. ஆணி கீழே விழுந்தது. நெளிந்து தலை மழுங்கிய அதனை மீண்டும் இடுவது மடமை என்று தூர எறிந்தார். எறியுமுன் புதிய ஆணியை அதனோடு ஒட்டிவைத்துப் பருமனை ஒப்பிட்டார். காட்டர் பின்கள் எல்லாம் ஒரே பருமன் உடையன அல்ல. ஆதலின் பழையதைக் கையிற் கொண்டு போகாமற் புதியது வாங்குதல் ஆகாது.

துளையையும் அச்சையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபின், புதிய ஆணியை நுழைத்துப் பார்த்தார். சரிவு மிகையாயிருந்தபடியால் ஆணி போதிய அளவு உள்ளே செல்லவில்லை. அரத்தை எடுத்து, சரிந்த முகத்தைச் சமமாக நாலைந்து இழுப்பு அராவினார்; நுழைத்துப் பார்த்தார்; மீண்டும் இரண்டு இழுப்பு. அம்முகம் கோணலாய் அராவப்பட்டால் ஆணியின் ஓரம் மட்டுமே அச்சைத் தொடும். அத்தகைய ஆணி ஒரு வாரங்கூட நில்லாது. பின்னர் முட்டுக்கொடுத்து அடித்து இறுக்கி, வாஷரும் நட்டும் இட்டார். இரு கிராங்குகளிலும் ஆணி எதிரெதிராக நுழைய வேண்டும். வலக் கிராங்கு கீழ்நோக்கி நிற்கையில் அதன் நட்டு எத்திசை பார்க்கிறதோ, இடக் கிராங்கு கீழ்நோக்குகையில் அதன் நட்டும் அத்திசையே பார்த்தல் வேண்டும். இது தவறினால் இரு கிராங்குகளும் ஒரு நேர்க்கோட்டில் நில்லாமல், ஏறுபவர் நொண்டுவதுபோல மிதிப்பார். எல்லாம் முடிந்தபின், ‘ஊரைச் சுத்திட்டு வாங்க, இன்னொரு அடி இருக்கு’ என்றார். சிறிது தூரம் ஓட்டித் திரும்பியபோது, ஆணி இன்னும் ஒரு மயிரிழை உள்ளே இறங்கியது. நட்டும் அரைச் சுற்றுக் கூடுதலாய்த் திருகிற்று. இந்த இரண்டாம் அடியைப் பெறாமற் செல்லும் வண்டிகளே பெரும்பாலும் மீண்டும் ஆட்டங்கொள்கின்றன என்பது அவர் கண்ட அனுபவம்.

இக்காலத்து வண்டிகள் பலவற்றிற் காட்டர் பின் இல்லையே என்று சிலர் கூறக்கூடும். உண்மையே. கியர் வண்டிகளில் அச்சின் நுனி சதுரமாய்ச் சரிந்திருக்கும்; கிராங்கு அதன்மேல் ஏறி, நடுவே ஒரு போல்ட்டால் இறுக்கப்படும். ஆயினும் நீதி வேறன்று. அவற்றிற் கிராங்கு பெரும்பாலும் அலுமினியம், அச்சு எஃகு. தளர்ந்தபின் ஓட்டினால் மென்மையான கிராங்கின் சதுரத்துளை நசுங்கி அகலும். அகன்றபின் எவ்வளவு இறுக்கினாலும் மறுநாளே ஆடும். கிராங்கை மாற்றுவதன்றி வேறு வழி இல்லை. தளர்ந்த அன்றே இறுக்கியிருந்தால் ஒரு ஸ்பானரோடு முடிந்திருக்கும் காரியம்.

இத்துணைச் சிறிய பொருளைப் பற்றிக் கலாசாலைப் பத்திரிகையில் இவ்வளவு விரித்தெழுதுவானேன் என்று நண்பர் சிலர் எண்ணுவர். காரணம் உண்டு. ஜான் கெம்ப் ஸ்டார்லி இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டு ரோவர் வண்டியை வெளியிட்ட நாள்தொட்டு, சைக்கிளின் உருவம் பெரிதும் மாறவில்லை. அதனை ஏறுபவரே மாறினர். நம் நாட்டில் முதலிற் பெரும்பாலும் துரைமார்க்கும் வசதியுடையோர்க்கும் உரியதாயிருந்தது. 1949இல் சென்னையை அடுத்து டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பின்னர் ஆசிரியரும் தபாற்காரரும் பால்காரரும் ஏறினர். 1990களின் தொடக்கத்திற் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தார் கிராமத்துப் பெண்கள் பல்லாயிரவர்க்கு எழுத்தோடு சைக்கிளும் கற்பித்தனர். 2001–2002ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கென நம் மாகாண அரசினர் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பின்னர் அரசு பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேனிலை முதலாண்டு பயிலும் மாணவ மாணவியர் அனைவர்க்கும் விரிந்தது. நம் கலாசாலையின் சைக்கிள் கொட்டகையில் நிற்கும் வண்டிகளிற் பல அங்ஙனம் வந்தவையே. யாம் பார்த்த அளவில் அவற்றுட் பெரும்பாலானவை காட்டர் பின் கொண்டவை.

ஒரு சைக்கிள் ஒரு பெண்ணின் கல்விக்கு என் செய்யும் என்பதற்குப் பீகார் மாகாணம் சான்று. 2006இல் அங்கே ஒன்பதாம் வகுப்பிற் சேரும் மாணவியர்க்குச் சைக்கிள் அளிக்கத் தொடங்கினர். அதனைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளாதார அறிஞர் இருவர் ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரையில், உயர்நிலைப் பள்ளியிற் சேரும் பெண்களின் தொகை 32 விழுக்காடு உயர்ந்ததென்றும், பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்களிலேயே பயன் மிகுதி என்றும் கண்டனர். அங்ஙனமாயின், அந்த வண்டி ஓடாமல் நின்றால் என்ன ஆகும்? மயிலத்தைச் சுற்றியும் விக்கிரவாண்டியைச் சுற்றியும் உள்ள சிற்றூர்களில், பேருந்து நிற்குமிடத்திற்கு மூன்று நான்கு கிலோமீட்டர் மிதித்து வரும் பெண்ணின் வண்டியிற் கிராங்கு ஆடத் தொடங்கினால், அவள் முதலிற் சில நாள் நொண்டிக்கொண்டே ஓட்டுவாள்; பின்பு அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து இறக்கிவிடும் நாட்களில் மட்டும் வருவாள்; மல்லாட்டை பிடுங்கும் நாட்களில் அண்ணனுக்கும் ஓய்வு இராது. வருகைப் பதிவேட்டில் விழும் வெற்றிடங்களுக்குக் காரணம் தேடும் நாம் ‘ஊக்கமின்மை’ என்று எழுதிவிடுகிறோம். ஒரு தேநீர் விலையுள்ள ஆணி என்று எவரும் எழுதுவதில்லை.

கடைக்காரரிடம் போகலாமே எனின், கடைக்காரர் எங்கே? சாலை முனைதோறும் காற்றடிக்கும் பம்பும், தொங்கும் டயர்களும், தண்ணீர்த் தொட்டியும் இருந்த கடைகளிற் பல இன்று மோட்டார் சைக்கிள் பஞ்சர் ஒட்டும் கடைகளாய் மாறிவிட்டன. சைக்கிளுக்கு மணிக்கணக்கில் உழைத்து அவர்கள் பெறும் கூலியைவிட அதில் வருவாய் மிகுதி. யாம் அதனைக் குற்றம் என்னோம். ஆனால் காட்டர் பின்னை அராவத் தெரிந்த கை குறைந்துவருகிறது. திண்டிவனத்து முதியவரின் மகன் சென்னையில் வேறு வேலையில் இருக்கிறாராம். அவர் கடையிற் கற்றுக்கொள்ளச் சிறுவர் எவரும் இல்லை.

ஆகவே யாம் வேண்டுவது இது: நம் சைக்கிள் கொட்டகையின் ஓரத்தில் ஒரு பலகையும் சில கருவிகளும் வைக்கப்பெறல் வேண்டும். வாரம் ஒருநாள், சனிக்கிழமை பிற்பகலில், தொழில் தெரிந்த ஒருவரைத் தக்க ஊதியம் கொடுத்து அழைத்து, மாணவர்க்கும் மாணவியர்க்கும் கற்பிக்கச் செய்ய வேண்டும். ஆசிரியரும் வந்து கற்கலாம். எம் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு இரண்டு தடைகள் எமக்கு முன்னரே கூறப்பட்டன. முதலாவது, ஏழைத் தொழிலாளியின் பிழைப்பிற் கைவைப்பதாகும் என்பது. தொழிலாளியை வகுப்பில் ஆசிரியராக அமர்த்தி ஊதியம் அளிப்பது எங்ஙனம் அவர் பிழைப்பைக் கெடுக்கும் என்பது எமக்கு விளங்கவில்லை. மேலும், கற்றவர் பெரிய பழுதுகளை அவரிடமே கொண்டு செல்வர். முன்போலத் தகரத்திற்காகப் பேரம் பேசமாட்டார்.

இரண்டாவது தடை சற்று மெல்லிய குரலிற் சொல்லப்பட்டது: பட்டம் பெற வந்தவர் கையிற் கரியும் கிரீஸும் பூசிக்கொள்வது கலாசாலையின் மதிப்பிற்கு ஏற்றதா என்பது. இதனை மிஷன் கலாசாலை ஒன்றில் நின்றுகொண்டு கேட்பது வியப்பே. நம் ஆண்டவர் தச்சுத்தொழிற் குடும்பத்தில் வளர்ந்தவர். பரிசுத்த பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தவர். 1853இல் தோன்றித் திண்டிவனத்திலும் நிலையம் கொண்டு ஊழியஞ்செய்த ஆற்காட்டு மிஷனார், பள்ளிகளும் மருத்துவசாலைகளும் மாத்திரமே கட்டினாரல்லர். காட்பாடியிற் கைத்தொழிற்பள்ளியும் நடத்தினர். மரவேலையும் இரும்புவேலையும் கல்வியின் பகுதி என்று கருதிய அப்பெரியோரின் படங்களை மண்டபத்தில் மாட்டிவைத்துவிட்டு, சுத்தியலைக் கண்டு நாணுவது முறையாகுமா? உண்மையில் இத்தடையை மாணவர் எவரும் கூறவில்லை. கூறியவர்கள் எம்மைப்போன்ற நரைத்த தலையினரே.

செலவும் பெரிதன்று. நடுத்தரமான சுத்தி ஒன்று, தட்டை அரம் ஒன்று, ஸ்பானர்கள் ஒரு கோவை, பி.பி. கப் திறக்கும் சாவி ஒன்று, சிறிய வைஸ் ஒன்று, கிரீஸ் ஒரு டப்பா, வெவ்வேறு பருமனிற் காட்டர் பின்கள் ஒரு கைப்பிடி. பழைய மாணவர் சங்கத்தார் ஆண்டு விழாவில் மேடைக்கு வாங்கும் மாலைகளிற் பாதியைக் குறைத்தால் இவை வந்துவிடும். முதியவரிடம் யாம் கேட்டோம்; பேருந்துச் செலவு கொடுத்தால் வருவதற்கு இசைந்திருக்கிறார். பிள்ளைகள் உண்மையாகவே கற்றுக்கொள்வார்களா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

முட்டுக்கொடுக்கும் இரும்புக் குழாய்த்துண்டு வாங்கவேண்டியதில்லை. திண்டிவனத்திலிருந்து திரும்பிய மறுநாளே ஒன்றை அறுப்பித்து வைத்திருக்கிறோம். அது நூல்நிலையத்தில் எம் மேசையின் கீழே கிடக்கிறது. வேண்டுவோர் எடுத்துக்கொண்டு போய் மாலைக்குள் திருப்பி வைக்கலாம்.